பட்டாளத்துக்குப் போன தாத்தாவோட கதையத் தேடுறது எப்படி? கடலூர், புதுச்சேரி குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நம்ம பக்கத்துல நிறைய வீட்ல ஒரு பட்டாளத்துத் தாத்தா இருந்திருப்பாரு. கூடத்துல ஃபிரேம் போட்ட ஒரு போட்டோ, ட்ரங்குப் பெட்டில துணி சுத்தி வச்ச ரெண்டு மெடல், "அவரு ஜெர்மன் சண்டைக்குப் போனவரு"ன்னு ஒரு பேச்சு, அதோட சரி. எந்த ரெஜிமென்ட்டு, எந்த ஊர்ல சண்டை போட்டாரு, எப்ப திரும்புனாருன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. தேடுனா கிடைக்கும், நெசமாவே கிடைக்கும், ஆனா எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம நேரா நெட்ல பேர அடிச்சுப் பாத்துட்டு ஒண்ணுமே வரலன்னு விட்டுடுறவங்கதான் அதிகம். அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

எந்த சர்க்கார் பென்ஷன் குடுத்துச்சு?

முதல் கேள்வி இதுதான், மத்தது எல்லாம் இதுக்கு அப்புறம். வேற மாவட்டத்துக்காரங்களுக்கு இந்தக் கஷ்டம் கெடையாது, நமக்கு உண்டு, ஏன்னா முள்ளோடைக்கு இந்தப் பக்கம் வெள்ளக்காரன், அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன். பாகூர், வில்லியனூர், அரியாங்குப்பம் எல்லாம் பிரெஞ்சு. ரெட்டிச்சாவடி, கடலூர், நெல்லிக்குப்பம் எல்லாம் பிரிட்டிஷ். நடுவுல வயலும் வாய்க்காலும்தான், பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்த ஊருங்க. அதனால தாத்தா பொறந்த ஊர வச்சு அவரு எந்தப் பட்டாளம்னு முடிவு பண்ணிடாதீங்க. கடலூர்க்காரர் மாமனார் வீட்டோட பாண்டில இருந்துட்டு பிரெஞ்சுப் பட்டாளத்துல சேந்திருக்கலாம், பாண்டிக்காரர் பெங்களூர் போயி பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தோட எஞ்சினியர் படையான சேப்பர்ஸ்ல சேந்திருக்கலாம்.

ஆனா பணம் எங்கேர்ந்து வந்துச்சுங்குறது வீட்டுப் பெரியவங்களுக்கு மறக்கவே மறக்காது. ஆயாகிட்ட "தாத்தா எந்த ரெஜிமென்ட்"னு கேட்டா பதில் வராது. "ஆயா, ஒங்களுக்கு பென்ஷன் எங்க போயி வாங்குவீங்க, யாரு கூட வருவா, கையெழுத்தா கைநாட்டா"ன்னு கேளுங்க, கதையே வரும். போஸ்ட் ஆபீஸ், கடலூர் ட்ரெஷரினு சொன்னா இந்திய ராணுவம், பிரெஞ்சு கான்சுலேட்னு சொன்னா சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்து சிப்பாய் குடும்பம். பென்ஷனே வரலன்னு சொன்னாங்கன்னா அதுவும் ஒரு தகவல்தான், சண்டைக்கு மட்டும் எடுத்து, முடிஞ்சதும் வீட்டுக்கு அனுப்பிச்சவரா இருக்கலாம், இல்ல நேதாஜியோட ஐஎன்ஏ படையா இருக்கலாம்.

பேசும்போது போன்ல ரெக்கார்ட் போட்டுடுங்க. அவங்க சொல்ற ஊர்ப் பேர திருத்தாதீங்க, காதுல விழுந்தபடியே எழுதிக்கோங்க. சைகோன், ரங்கூன், பஸ்ரா, மர்செய் இதுல எந்தப் பேரு வந்தாலும் அது ஒரு பெரிய துப்பு. பாண்டில சில வீட்ல பண்டிகைன்னா இன்னும் வியட்நாம் பலகாரமான சாயோ சுடுவாங்க, அந்தப் பழக்கம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டாலே பாதி வீட்ல சைகோன் கதை வெளிய வந்துடும்.

ட்ரங்குப் பெட்டி

அடுத்து வீட்ல இருக்குற பொருள் எல்லாத்தையும் வெளிய எடுங்க. ஒரே வீட்ல இருக்கும்னு நெனைக்காதீங்க. பாகம் பிரிச்சப்போ மெடல் மூத்தவன் வீட்டுக்கும், பேப்பரு பத்திரத்தோட சேத்து சின்னவன் வீட்டுக்கும் போயிருக்கும். அத்தை வீடு, சித்தப்பா வீடு எல்லாத்துலயும் கேளுங்க.

இந்திய ராணுவம்னா டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் இல்ல டிஸ்சார்ஜ் புக்குதான் தங்கம். நம்பர், பேர், அப்பா பேர், கிராமம், தாலுகா, சேந்த தேதி, வெளிய வந்த தேதி, எதனால வந்தாருங்குற காரணம் எல்லாம் அதுல இருக்கும். பழைய பேப்பர்ல ஜில்லான்னு பாத்தா தென்னாற்காடுன்னுதான் இருக்கும், 1993 வரைக்கும் கடலூரும் விழுப்புரமும் ஒரே மாவட்டம், அதனால திண்டிவனம், திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சின்னு தாலுகா இருந்தா கொழம்பாதீங்க.

மெடல எடுத்த ஒடனே பளபளன்னு தேய்க்க ஆரம்பிக்கறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க. முதல் உலகப்போர் பிரிட்டிஷ் மெடல்ல ஓரத்துல, அதாவது காசோட விளிம்பு மாதிரி இருக்குற எடத்துல, நம்பர், ரேங்க், பேர், ரெஜிமென்ட் பொறிச்சிருப்பாங்க, தேய்க்கத் தேய்க்க அதுதான் மொதல்ல போகும். ராத்திரி லைட்ட அணைச்சுட்டு போன் டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சுப் புடிச்சு மெதுவா சுத்திப் பாருங்க, நேரா அடிச்சா தெரியாத எழுத்து சாய்ச்சு அடிச்சா நெழல் விழுந்து தெரியும். ஒவ்வொரு எழுத்தா போட்டோ எடுத்துக்கோங்க. வெள்ளி மெடல்ல ஒரு பக்கம் ராஜா தலை, இன்னொரு பக்கம் குதிரை மேல ஒரு ஆளுன்னா அது பிரிட்டிஷ் வார் மெடல். அதே மெடல் வெண்கலத்துல இருந்துச்சுன்னா அவரு சண்டை போட்ட சிப்பாயா இல்லாம கூடப் போன தொழிலாளர் படை ஆளா இருக்க வாய்ப்பு அதிகம். அதுக்காக மனசு சின்னதாக வேணாம், ரோடு போட்டவங்களும் மூட்டை தூக்குனவங்களும் இல்லாம எந்தப் பட்டாளமும் ஒரு அடி நகரல.

பிரெஞ்சு மெடல்ல பொதுவா பேரு இருக்காது, கூட வந்த சர்டிபிகேட்லதான் இருக்கும். ஆனா மெடலே நிறைய பேசும். பச்சை ரிப்பன்ல மெல்லிசா சிவப்புக் கோடு, சிலுவைல குறுக்கா ரெண்டு கத்தி இருந்தா அது முதல் உலகப்போர் க்ருவா த கெர், அதாவது சண்டைல வீரத்துக்குக் குடுத்த பிரெஞ்சு மெடல். பின்னாடி 1914-1916, 1914-1918ன்னு வருஷம் இருக்கும். ரிப்பன் மேல குத்தியிருக்குறத பாருங்க: வெண்கல நட்சத்திரம்னா ரெஜிமென்ட் இல்ல பிரிகேட் அளவுல பாராட்டு, வெள்ளி நட்சத்திரம்னா டிவிஷன், தங்கமுலாம்னா கோர், வெண்கலத்துல ஓலை மாதிரி இருந்தா ஆர்மி அளவுல பாராட்டு. நட்சத்திரமோ ஓலையோ இருக்குன்னா, அவரு என்ன பண்ணாருன்னு ஒரு பாராவாவது எழுதி எங்கயோ ஒரு ஃபைல்ல இருக்குன்னு அர்த்தம். மஞ்சள் ரிப்பன், ரெண்டு ஓரமும் பச்சைன்னா மெதாய் மிலித்தேர். அது எல்லாருக்கும் குடுக்குற மெடல் இல்ல. நடுவுல வெளிர்நீலம், ஓரம் சிவப்புன்னா வெளிநாட்டுச் சண்டைக்கான க்ருவா த கெர், பாண்டில பெரும்பாலும் அது இந்தோசீனாவா, அதாவது வியட்நாம் பக்கத்துச் சண்டையா இருக்கும்.

பிரெஞ்சு குடும்பம்னா லிவ்ரே மிலித்தேர்ங்குற ராணுவ சர்வீஸ் புத்தகம், லிவ்ரே த ஃபமீங்குற குடும்பப் பதிவுப் புத்தகம் ரெண்டும் இருக்கான்னு தேடுங்க. லிவ்ரே மிலித்தேர்ல மாத்ரிகுல் நம்பர், அதாவது அவரோட பட்டாளப் பதிவு நம்பர் இருக்கும், அது கிடைச்சா பாதி வேலை முடிஞ்சுது.

பேர விட நம்பர் முக்கியம்

நம்ம பேர வெள்ளக்காரன் ஒரு மாதிரி எழுதுவான், பிரெஞ்சு கிளார்க் வேற மாதிரி எழுதுவான், ஒரே ஆளு பேரு மூணு பேப்பர்ல மூணு மாதிரி இருக்கும். பிரெஞ்சுல உகரம் வந்தா ஓ-யூ ரெண்டும் சேத்துப் போடுவாங்க, நடுவுல 'ச' வந்தா ரெண்டு எஸ். முத்துசாமின்னு தேடணும்னா எம்-ஓ-யூ-டி-ஓ-யூ-எஸ்-எஸ்-ஏ-எம்-ஒய்னு அடிச்சுப் பாக்கணும். வெங்கடாசலத்துக்கு முதல் எழுத்தே வி-ஐ-என்-ஜின்னு ஆரம்பிக்கும். கடைசி எழுத்து ஒய்யா ஐயா, நடுவுல ஹெச் உண்டா இல்லியான்னு எல்லா தினுசுலயும் ஒரு லிஸ்ட் எழுதி வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா அடிங்க, அலுப்பா இருக்கும், ஆனா வேற வழி இல்ல.

இன்னொரு விஷயம் பாண்டி, காரைக்கால் குடும்பங்களுக்கு மட்டும். 1881 செப்டம்பர் 21 தேதியிட்ட ஆணைப்படி மதம், சாதி வழக்கப்படியான தனிச் சட்டத்த விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்த ஏத்துக்கிட்டவங்க ஒரு குடும்பப் பேரு வச்சுக்கணும். சிலர் பிரெஞ்சுப் பேரா வச்சாங்க, சிலர் தமிழ்ப் பேரையே வச்சாங்க. அண்ணன் ஏத்துக்கிட்டு தம்பி ஏத்துக்கலன்னா அண்ணன் குடும்பம் ஒரு பேர்லயும் தம்பி குடும்பம் வேற பேர்லயும் போகும், கூடப்பொறந்தவங்கன்னு பேப்பர்ல பாத்தா தெரியவே தெரியாது. அதனால தாத்தாவோட அப்பா பேரு, அவரு பேர மாத்துனாரா, எந்த வருஷம்னு தெரிஞ்சுக்குறது அவசியம்.

பிரிட்டிஷ் பக்கம் இனிஷியல் தலைவலி. ஒரு பேப்பர்ல அப்பா பேரு முன்னாடி, இன்னொண்ணுல பின்னாடி, ஒண்ணுல அப்பா பேரே காணாது. ஒரே பேர்ல ஒரே ரெஜிமென்ட்ல நாலு பேரு இருந்திருப்பாங்க. அப்ப நம்பர் ஒண்ணுதான் பிரிச்சுக் காட்டும். நம்பர் கிடைக்கலன்னா அப்பா பேரு, கிராமம், சேந்த வருஷம் மூணும் பொருந்துனாத்தான் நம்ம ஆளுன்னு எடுத்துக்கோங்க. ரெண்டு மட்டும் பொருந்துனா சந்தேகம்னு ஓரத்துல எழுதி வைங்க.

பிரெஞ்சுப் பட்டாளம்னா

முதல்ல பொறப்புப் பதிவு, பாண்டில சொல்ற எத்தா சிவில். பழைய பதிவுங்க எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ்ல இருக்குற கடல்கடந்த நாடுகளுக்கான பிரெஞ்சு ஆவணக் காப்பகத்தோட வெப்சைட்ல, ஆனோம்னு சொல்லுவாங்க, ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்காங்க. பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் அஞ்சும் உண்டு, காசு கெடையாது. வருஷக் கடைசில பேர் அட்டவணை இருக்கும், மொதல்ல அத பாத்துட்டு அப்புறம் பக்கத்துக்குப் போங்க. அதுக்குப் பின்னாடி வருஷங்களுக்கு பாண்டி முனிசிபாலிட்டி, பிரெஞ்சு குடியுரிமை இருந்தா நான்த் நகரத்துல இருக்குற மத்திய எத்தா சிவில் ஆபீஸ். பொறப்புப் பதிவோட ஓரத்துல கல்யாணம், சாவு பத்தி பின்னாடி சேத்து எழுதியிருப்பாங்க, அத படிக்காம மூடிடாதீங்க.

சண்டைல செத்தவரா இருந்தா உங்க வேலை சுலபம். பிரெஞ்சு ராணுவ அமைச்சகத்தோட மெமுவார் தே ஸோம் வெப்சைட்ல முதல் உலகப்போர்ல நாட்டுக்காக உயிர் விட்டவங்கன்னு அறிவிக்கப்பட்ட ஒவ்வொருத்தருக்கும் கையால எழுதுன ஒரு சீட்டு இருக்கு. ரெண்டாம் உலகப்போர், இந்தோசீனா சண்டைல செத்தவங்களுக்கும் தனித்தனி பட்டியல் உண்டு. அந்தச் சீட்ட எப்படிப் படிக்கிறதுன்னு சொல்றேன். மேல பேரு, அதுக்குக் கீழ ரேங்க், எந்தப் படைப்பிரிவு. அப்புறம் நம்பர் ரெண்டு இருக்கும், ஒண்ணு படைப்பிரிவு குடுத்தது, இன்னொண்ணு ஆள் சேத்த எடத்துல குடுத்தது, ரெண்டும் வேற வேற, ரெண்டையும் குறிச்சுக்கோங்க. அதுக்கப்புறம் செத்த தேதி, எடம், எப்படி செத்தாருன்னு ஒரு வரி. எதிரியால கொல்லப்பட்டாருன்னு இருக்கலாம், காயத்துல செத்தாருன்னு இருக்கலாம், பணில இருந்தப்போ வந்த வியாதின்னும் இருக்கலாம். வெயில்ல வளந்த ஒடம்பு அந்தக் குளிர்ல என்ன பாடு பட்டிருக்கும்னு அந்த ஒரு வரியப் படிக்கும்போதுதான் ஒறைக்கும். கீழ பொறந்த தேதி, ஊரு இருக்கும், எத்தா சிவில்ல எடுத்தத வச்சு ஒப்பிட்டுப் பாருங்க.

அதே வெப்சைட்ல படைப்பிரிவுகளோட தினக்குறிப்பும் இருக்கு. முதல் உலகப்போர்ல ஒவ்வொரு ரெஜிமென்ட்டும் அன்னன்னிக்கு எங்க இருந்துச்சு, என்ன நடந்துச்சுன்னு எழுதுனது. தாத்தா பேரு அதுல இருக்கணும்னு இல்ல. ஆனா அவரு சேந்த தேதிலேர்ந்து செத்த தேதி வரைக்கும் அந்த ரெஜிமென்ட் எங்கெங்க போச்சுன்னு ஒரு நோட்ல எழுதுனீங்கன்னா அவரோட நாட்கள் உங்க கைக்கு வந்துடும். எனக்குத் தெரிஞ்சு இந்தத் தேடல்ல இத விட நல்ல எடம் வேற எதுவும் இல்ல. பிரெஞ்சு தெரியலன்னா பரவால்ல, போன்ல மொழிபெயர்ப்பு ஆப்ப வச்சே தேதியும் ஊரும் புரிஞ்சுக்கலாம், கையெழுத்து புரியலன்னா பாண்டில பிரெஞ்சு படிச்ச பெரியவங்க யாராவது ஒருத்தர் கெடைக்காம இருக்க மாட்டாங்க.

உயிரோட திரும்பி வந்தவரா இருந்தா கொஞ்சம் பொறுமை வேணும். அவரோட பணி விவர ஏடு, ஃபைல் எல்லாம் பிரான்ஸ்லதான் இருக்கும். வான்சேன்ல இருக்குற பாதுகாப்பு வரலாற்றுப் பிரிவு, போ நகரத்துல இருக்குற ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகம் ரெண்டுக்கும் எழுதலாம். போர்க்கைதியா இருந்தவர்னா கான் நகரத்துல இருக்குற கிளைக்கு எழுதுங்க. கடுதாசி நீளமா வேணாம்: முழுப் பேரு, வேற எப்படி எல்லாம் எழுதுவாங்க, பொறந்த தேதி, ஊரு, மாத்ரிகுல் நம்பர், உங்களுக்கு என்ன உறவு, அதுக்கு ஆதாரம். லெஜியோன் தொனேர்ங்குற பெரிய பிரெஞ்சு விருது வாங்குனவருன்னு வீட்ல பேச்சு இருந்தா லெயோனோர்னு ஒரு டேட்டாபேஸ் இருக்கு, 1977க்கு முன்னாடி எறந்தவங்க ஃபைல் அதுல இருக்கும், அதையும் பாத்துடுங்க. இந்தோசீனால செத்தவர்னா பிரான்ஸ்ல ஃபிரேஜூஸ்ல இருக்குற நினைவிடத்துச் சுவர்ல பேரு இருக்கலாம்.

இங்க உள்ளூர்ல: பீச் ரோட்ல காந்தி சிலைக்கு எதிர் வரிசைல இருக்குற பிரெஞ்சு போர் நினைவிடம் எல்லாருக்கும் தெரியும், 1938ல தெறந்தது. ஜூலை 14, நவம்பர் 11 ரெண்டு நாளும் மலர் வளையம் வைப்பாங்க, பழைய சொல்தா குடும்பங்க நிறைய வரும், அங்க போயி ஆளுங்களப் பாத்துப் பேசுங்க, ஒரே கப்பல்ல போன வேற தாத்தாவோட பேரன் யாராவது பக்கத்துலயே நிப்பாரு. ரோமன் ரோலான் நூலகத்துல பழைய பிரெஞ்சு அச்சுங்க இருக்கு, தேசிய ஆவணக் காப்பகத்தோட கிளையும் புதுச்சேரில இருக்கு. 1954 நவம்பர் 1ஆம் தேதி பாண்டி நம்ம கைக்கு வந்துச்சு, ஆனா ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. அதுக்கப்புறம் ஆறு மாசத்துக்குள்ள பிரெஞ்சு குடியுரிமைய வச்சுக்கணுமான்னு முடிவு பண்ணச் சொன்னாங்க. அப்ப எழுதிக் குடுத்த பேப்பரு வீட்ல இருந்தா குடும்பத்துல எல்லார் பேரும் பொறந்த தேதியும் ஒரே எடத்துல கிடைக்கும்.

பிரிட்டிஷ் இந்திய ராணுவம்னா

மொதல்ல ரெஜிமென்ட் பேரு. 1895 வரைக்கும் மெட்ராஸ் ஆர்மின்னே தனியா இருந்துச்சு. 1903ல எல்லா ரெஜிமென்ட்டுக்கும் நம்பர் மாத்துனாங்க, மெட்ராஸ் காலாட்படைக்கு பழைய நம்பரோட 60 கூட்டுனாங்க, 1ஆம் மெட்ராஸ் பயனீர்ஸ் 61ஆம் பயனீர்ஸ் ஆனது அப்படித்தான். 1922ல மறுபடி மாத்துனாங்க, 1933ல மெட்ராஸ் பயனீர்ஸயே கலைச்சுட்டாங்க. அப்பா ஒரு பேரு சொல்லி மெடல்ல வேற பேரு இருந்தா ரெண்டுமே சரியா இருக்கலாம், வருஷத்தப் பாருங்க.

இன்னிக்கு எங்க கேக்கணும்னா: மெட்ராஸ் சேப்பர்ஸ், அதான் தம்பிங்கன்னு சொல்லுவாங்களே, அவங்களுக்கு பெங்களூர்ல இருக்குற மெட்ராஸ் எஞ்சினியர் குரூப். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு ஊட்டி பக்கத்துல வெலிங்டன். சர்வீஸ் கோர், பயனீர் கோர் ரெண்டும் பெங்களூர். சிக்னல்ஸ் ஜபல்பூர், ஆர்ட்டிலரி நாசிக். ஒவ்வொண்ணுக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் இருக்கு, அங்கதான் எழுதணும். ரெண்டாம் உலகப்போர், அதுக்கப்புறம் இருந்தவருன்னா வாய்ப்பு நல்லாவே உண்டு, பென்ஷன் வாங்குனவர்னா இன்னும் அதிகம். ஷீட் ரோல், அதாவது அவரு ஒருத்தரோட சர்வீஸ் விவரத் தாள் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா லாங் ரோல்ங்குற ஆள் பதிவேட்ல உள்ள பதிவோட நகல் கேளுங்க. சாதாரண கடுதாசிக்கு பதில் வரலன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஆர்டிஐ மனு போடுங்க, 10 ரூபா போஸ்டல் ஆர்டர், 30 நாள்ல பதில் சொல்லணும். வாரிசு சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் நகல் சேத்து வைங்க. அதுக்கு முன்னாடி கடலூர்ல இருக்குற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல போயி கேளுங்க, ஆயா விதவை பென்ஷன் வாங்குனவங்கன்னா பென்ஷன் ஆர்டர் நம்பர் அங்க கிடைக்க வாய்ப்பிருக்கு, அது கையில இருந்தா ரெக்கார்ட்ஸ் ஆபீஸ்ல வேலை சுருக்கா நடக்கும்.

சண்டைல செத்தவர்னா காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன் வெப்சைட்டுக்குப் போங்க. பேர்ல தேடி வரலன்னா கூடுதல் தகவல்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல சவுத் ஆற்காட், கடலூர்னு இங்கிலீஷ்ல அடிச்சுப் பாருங்க, "இன்னாரோட மகன், இந்த ஊரு"ன்னு போட்டிருக்குற பதிவுங்க வரும். பண்ருட்டி, சிதம்பரம், விருத்தாசலம்னும் அடிங்க. மெசபடோமியால செத்தவங்களுக்கு பஸ்ரா நினைவிடம், பர்மான்னா தௌக்யான்ல இருக்குற ரங்கூன் நினைவிடம், மலேயான்னா சிங்கப்பூர் க்ராஞ்சி. இந்து சிப்பாய்ங்கள எரிச்சதால நிறைய பேருக்குக் கல்லறை இருக்காது, நினைவிடத்துல பேரு மட்டும்தான். சென்னை நந்தம்பாக்கத்துல இருக்குற மெட்ராஸ் வார் செமட்ரிக்கு ஒருக்கா போயிட்டு வாங்க, முதல் உலகப்போர்ல இந்தியாவுல எறந்தவங்களுக்கான நினைவிடமும் அங்கயே இருக்கு.

லண்டன்ல இருக்குற இந்தியா ஆபீஸ் ரெக்கார்ட்ஸ நம்பி ரொம்ப நேரம் போக்காதீங்க, அதுல இருக்குறது பெரும்பாலும் ஆபீசருங்க, ஐரோப்பியருங்க விஷயம். சிப்பாயோட பேப்பரு ரெஜிமென்ட்லதான்.

ஐஎன்ஏ

மலேயா தோட்டத்துக்கும் பர்மாவுக்கும் நம்ம பக்கத்துலேர்ந்து பொழைக்கப் போயி அங்கயே நேதாஜி படைல சேந்தவங்க உண்டு. இவங்களுக்கு ராணுவ ஆபீஸ்ல தேடிப் புண்ணியமில்ல. தியாகி பென்ஷன் ஃபைலத் தேடுங்க. மத்திய அரசு 1972லேர்ந்து குடுத்த பென்ஷனுக்கு மனு போட்டப்போ எந்தப் பிரிவு, எந்த ஜெயில், எவ்ளோ நாள்னு அவங்க கைப்பட எழுதுனது, கூட ஜெயில்ல இருந்தவரு குடுத்த சாட்சி எல்லாம் அதுல இருக்கும். கலெக்டர் ஆபீஸ்லயும் ஒரு நகல் போயிருக்கும். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தோட அபிலேக் படல் வெப்சைட்லயும் ஐஎன்ஏ பேப்பருங்க இருக்கு.

கெடச்சத எழுதி வைக்கிறது

ஒரு நோட்ல வருஷ வரிசையா போடுங்க. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல எங்கேர்ந்து கெடச்சதுன்னு எழுதுங்க: ஆயா சொன்னது, மெடல் ஓரம், சீட்டு, ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் கடுதாசி. ஆயா சொன்னதும் பேப்பரும் முட்டிக்கிட்டா ஆயா சொன்னத அடிக்காதீங்க, ரெண்டையும் வைங்க. தாத்தா சுபேதார்னு வீட்ல சொல்லுவாங்க, பேப்பர்ல நாயக்னு இருக்கும். தண்டனை வாங்குனது, ஓடிப் போனது, சைகோன்ல இன்னொரு குடும்பம் இருந்தது இதெல்லாமும் சில ஃபைல்ல வரும். அத எல்லாருக்கும் வாட்சாப்ல போடுறதுக்கு முன்னாடி வீட்ல மூத்தவங்ககிட்ட தனியா உக்காந்து பேசுங்க. ஆனா கிழிச்சுப் போடாதீங்க, அந்த இன்னொரு குடும்பத்துப் பேரப்புள்ளைங்களும் எங்கயோ இதே தாத்தாவத் தேடிக்கிட்டு இருக்கலாம்.

ஒரிஜினல் பேப்பர லேமினேட் பண்ணாதீங்க, செலோடேப் ஒட்டாதீங்க. ஸ்கேன் எடுத்து மூணு வீட்லயாவது ஒரு காப்பி வைங்க. மெடலப் பாத்துட்டு தர்றேன்னு யாராவது கேட்டா வீட்லயே உக்காந்து பாக்கச் சொல்லுங்க, கையோட குடுத்து அனுப்பாதீங்க. பிரான்ஸ்லேர்ந்து பதில் வர மாசக்கணக்குல ஆகும், அதுக்குள்ள ஊர்ல இருக்குற எண்பது தொண்ணூறு வயசுக்காரங்க எல்லாரையும் பாத்துப் பேசி முடிச்சுடுங்க. பேப்பரு காத்திருக்கும், அவங்களால முடியாது.